மூன்றாவது மாடி வரைக்கும்

"சத்தம் பத்தாதுண்ணே! தெரு முனையில வண்டி திரும்பும்போதே மூணாவது மாடிக்குக் கேக்கணும்!"

மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, வந்தவரை ஏற இறங்கப் பார்த்தார். இஸ்திரி கலையாத சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா, வழுக்கையை மறைக்க ஓரத்திலிருந்து இழுத்து வாரிய முடி. சோப்புப் போட்டுக் கழுவினாலும் போகாத ஆபீஸ் கிளார்க் களை. இந்த மனுஷன்தான் மோட்டார் பூட்டிய சைக்கிளுக்கு வேறு சைலன்சர் மாட்டச் சொல்லி, காலையிலிருந்து உயிரை வாங்கிக்கொண்டிருக்கிறார்.

"சார், மீசை முளைக்காத பசங்கதான் இப்படிக் கேப்பாங்க. உங்க வயசுல எல்லாரும் சத்தத்தைக் குறைக்கச் சொல்லித்தான் வருவாங்க."

"பழைய பைப்ல வண்டி வர்றதே தெரியலண்ணே. பூனை மாதிரி வந்து நிக்குது. அதனால நான் பட்ட அவமானம் போதும்."

"அவமானமா?"

"போன வாரம் மட்டும் மூணு தடவை! இன்னிக்கு இதைச் சரி பண்ணலேன்னா அங்க எனக்கு வாழ்க்கையே இல்ல."

மெக்கானிக்குக்குக் கொஞ்சம் புரிந்த மாதிரி இருந்தது. மூன்றாவது மாடி, ஜன்னல், முன்கூட்டியே சத்தம். ஆள் பார்க்கத்தான் சாது. சிரிப்பை அடக்கிக்கொண்டு இரண்டு நட்டையும் கழற்றி, புது கேஸ்கட் வைத்து, பெடலில் இடிக்காதபடி புதுப் பைப்பை வளைத்துப் பூட்டினார்.

"கறுப்பு பைப்தானே? பார்த்தா மாத்தினதே தெரியக்கூடாதுண்ணே."

"ஊரைக் கூட்டுற சத்தம் வேணும், ஆனா மாத்தினது தெரியக்கூடாது. நல்லா இருக்கு சார் உங்க நியாயம்! சரி, சீட்டை இறக்கித் தரட்டுமா? உங்க கால் பெடலுக்கே எட்டலியே."

"ஐயையோ, சீட்டுல கையே வைக்காதீங்க!" கிளார்க் பதறிப்போய்ச் சீட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

தெரு முனையிலேயே இருந்த கடையின் வாசலில், பின்சக்கரம் தரையில் படாமல் ஸ்டாண்ட் போட்டார்கள். கிளார்க் சீட்டின் நுனியில் தொற்றிக்கொண்டு, கால் கட்டைவிரலால் பெடலை மிதித்து எஞ்சினைக் கிளப்பினார். கிளார்க் யாரையோ கூப்பிட்டுக் கொடுத்த போன் மெக்கானிக்கின் கையில் ஸ்பீக்கரில் இருந்தது. பட், பட், பட்.

"கேக்குதா?" என்று கத்தினார் கிளார்க்.

"ஏதோ கொசு மாதிரி இருக்கு," என்றது ஒரு பெண் குரல். "நாங்க எல்லாரும் ஜன்னல்கிட்டதான் நிக்கிறோம். இன்னும் கொஞ்சம் ஏத்தச் சொல்லுங்க."

மெக்கானிக்குக்குத் தூக்கிவாரிப்போட்டது. "எல்லாருமா? மொத்தம் எத்தனை பேரு சார்?"

"பதினோரு பேர்ணே. எல்லாரும் என்னைத்தான் நம்பிக்கிட்டு இருக்காங்க."

இந்த வழுக்கைக்கா பதினொன்று! தனக்கு வீட்டில் இருக்கும் ஒன்றே ஒன்று ஒரு நாளாவது ஜன்னலுக்கு வந்திருக்குமா என்று நினைத்தபோது மெக்கானிக்குக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அதன் பிறகு அவர் வேலை செய்த விதமே வேறு. பைப்பைக் கழற்றி, உள்ளே இருந்த தடுப்புத் தகட்டைக் குறடு போட்டுப் பிடுங்கி எறிந்தார்.

"உங்களுக்காக இது கூடச் செய்யலேன்னா எப்படி சார்? எவ்வளவு நேரம் முன்னாடி கேக்கணும்?"

"ரெண்டு நிமிஷம் போதும். முனையில சத்தம் கேட்டா, மாடி ஏறி வர்றதுக்குள்ள எல்லாத்தையும் சரி பண்ணிடுவோம்."

கிளார்க் மறுபடியும் மிதித்தார். அவ்வளவுதான். எதிர்க்கடை ஷட்டர் அதிர்ந்தது, மரத்தில் ஒரு காக்கா பாக்கியில்லை, தெருவே காதைப் பொத்திக்கொண்டது. கிளார்க் முகத்தில் மட்டும் அப்படி ஒரு ஆனந்தம். ஆசை தீர முறுக்கிவிட்டு எஞ்சினை நிறுத்தினார்.

"கேட்டுச்சா? இப்போ கேட்டுச்சா?"

போனில் நாற்காலிகள் அவசரமாக இழுபடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு யாரோ நிதானமாகத் தொண்டையைச் செருமினார்கள்.

"பிரமாதமா கேட்டுச்சுய்யா," என்றது ஒரு கனத்த ஆண் குரல்.

கிளார்க் சீட்டிலிருந்து சறுக்கி விழுந்தார். "மே... மேனேஜர் சார்!"

"பஞ்சர் ஒட்டித் தர்றேன்னு காலையில என் சைக்கிளை வாங்கிட்டுப் போனியே, அதான் வெளியில போயிட்டு நடந்தே வந்தேன். மாடி ஏறி வந்து பின்னாடி நிக்கிறேன், ஜன்னல்ல தொங்கிக்கிட்டு இருந்த பதினோரு பேர்ல ஒருத்தருக்குக்கூடக் கேக்கலய்யா!"