கவுண்டருக்கு அடியில் ஒரு பெட்டி

அந்தத் தோட்டாப் பெட்டியைக் கவுண்டருக்கு அடியில், விலைபோகாத கம்பளிக் கையுறைகளுக்குக் கீழே தள்ளி மறைத்துவிட்டுத்தான் வெய்னோ கடைக் கதவைத் திறந்தார். முப்பது வருஷமாக வேட்டைச் சாமான் விற்கிறவர். சரக்கைப் பதுக்கியது இதுதான் முதல் தடவை.

வெளியே பனியில் பதினைந்து பேர் நின்றார்கள். வியாழக்கிழமை லாரி வரும் நாள். சனிக்கிழமை மான் வேட்டை தொடங்குகிறது. ஏரிக்கரை ஊர்கள் எதிலும் தோட்டா கிடைப்பது குதிரைக் கொம்பாக இருந்தது.

"போன வருஷம் முப்பது டாலர், இப்ப அறுபத்தஞ்சா? அந்தக் காசுக்கு மானையே வாங்கிடலாம் போலிருக்கே!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

"வாங்கிக்கய்யா. அதுவும் இங்க ஸ்டாக் இல்ல," என்றார் வெய்னோ. வரிசை சிரித்தது.

முதல் ஆளாக நின்ற பெண் மட்டும் சிரிக்கவில்லை. சாம்பல் நிறக் கோட்டு, ஒட்டிய கன்னம், முப்பத்தைந்து வயதிருக்கும். பெயர் தெரியாது. மூன்று வாரமாக இவள்தான் முதல் ஆள், கேட்பதும் ஒரே ரகம்: 'முப்பத்திரண்டு ஸ்பெஷல்'. தாத்தா காலத்துத் துப்பாக்கிக்கான தோட்டா அது. லாரியில் ஒரு பெட்டி, மிஞ்சினால் இரண்டு பெட்டி வரும். வந்ததையெல்லாம் இவள் விலைகூடக் கேட்காமல் வாங்கிப் போனாள்.

வேட்டைக்காரன் என்றால் விலையைக் கேட்டுப் புலம்புவான். புலம்பாதவர்களை வெய்னோ நம்பமாட்டார். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒருவன் இப்படித்தான் வாய் திறக்காமல் ஒரு பெட்டி வாங்கிப் போனான். அன்று சாயங்காலமே அவன் வீட்டில் இரண்டு பிணம் விழுந்தது. சட்டப்படி வெய்னோ மேல் எந்தக் குற்றமும் இல்லை. ஆனால் எடுத்துக் கொடுத்த கை அவருடையது.

போன வாரம் பணம் எடுக்க அவள் குனிந்தபோது கோட்டுக் கழுத்து விலகியது. தோளுக்குக் கீழே நீலமும் மஞ்சளுமாகக் கன்றிப் போயிருந்தது. சுடும்போது துப்பாக்கி உதைத்த இடம் எப்படியிருக்கும் என்று வெய்னோவுக்குத் தெரியாதா? நாள் தவறாமல் சுட்டுப் பழகுகிறாள் என்று முடிவு கட்டினார். யாரைச் சுடுவதற்கு என்பதுதான் புரியவில்லை.

"முப்பத்திரண்டு வந்துச்சா?" என்றாள்.

"வரலம்மா."

"லாரி வந்துச்சே."

"லாரி வந்துச்சு. அது வரல."

"எவ்வளவு விலைன்னாலும் பரவாயில்லைங்க. ஒரு பெட்டி இருந்தாலும் குடுத்துடுங்க."

"ஏம்மா, இதுவரைக்கும் நாலு பெட்டி வாங்கியிருக்க. எண்பது தோட்டா. ஒரு மானுக்கு ஒண்ணு போதும். நீ எதைச் சுடப் போற?"

அவள் கண் வாசலுக்குப் போய்த் திரும்பியது. "அப்ப யார் வந்து கேட்டாலும் இல்லதானே?"

"யார் கேட்டாலும் இல்ல."

தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். பொய் சொன்னதற்கு வெய்னோ கொஞ்சமும் வருத்தப்படவில்லை. இந்தத் தடவை ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டோம் என்று மனசுக்குள் பெருமையாகக்கூட இருந்தது.

மூன்று மணிக்கு டெல்மர் வந்தார். கோடையில்தான் ஊருக்குக் குடிவந்தவர். அதற்குள் சர்ச் மீன் விருந்தில் பரிமாறி, பாதித் தெருவுக்குப் பனி வாரிக் கொடுத்து, எல்லோருக்கும் வேண்டியவராகிவிட்டார். உள்ளே வரும்போதே கையில் சூடாக கறி அடைத்த ஒரு பேஸ்டி ரொட்டி.

"அண்ணே, இந்தாங்க, சாப்பிடுங்க. லஞ்சம்தான், பயப்படாம வாங்கிக்கங்க. முப்பத்திரண்டு ஸ்பெஷல் இருக்கா? மூணு வாரமா எந்தக் கடையிலயும் இல்ல. என் துப்பாக்கி பட்டினி கிடக்கு."

வெய்னோ ஒரு கணம் யோசித்தார். பிறகு குனிந்து, கையுறைகளை விலக்கி, பெட்டியை எடுத்து வைத்தார். "உங்க அதிர்ஷ்டம். ஒண்ணே ஒண்ணு. அறுபத்தஞ்சு."

"அறுபத்தஞ்சா! என்னையே சுட்டுடுங்கண்ணே, அது மலிவு!" என்று டெல்மர் நெஞ்சில் கை வைத்துச் சாய்ந்தார். அஞ்சு டாலராவது குறைக்கச் சொல்லிக் கெஞ்சினார், புலம்பினார், கடைசியில் சிரித்துக்கொண்டே கொடுத்தார். இதுவல்லவா வேட்டைக்காரன் லட்சணம் என்று வெய்னோவுக்கு மனசு குளிர்ந்தது.

டெல்மரின் நீல வண்டி தெருமுனை திரும்பியதும் கதவு படாரென்று திறந்தது. எதிரே இருக்கும் சலவைக் கடையிலிருந்து கோட்டுகூட இல்லாமல் ஓடி வந்திருந்தாள் அந்தப் பெண்.

"இப்ப நீல வண்டியில போனாரே... அவருக்கு என்ன குடுத்தீங்க?"

பொய் பிடிபட்டுவிட்டது. வெய்னோ கவுண்டரில் இரண்டு கையையும் ஊன்றி நிமிர்ந்தார்.

"ஆமாம்மா, முப்பத்திரண்டுதான் குடுத்தேன். உங்கிட்டேர்ந்து ஒளிச்சு வச்சு, அவருக்குக் குடுத்தேன். உன் கையில குடுக்க எனக்கு மனசு வரல. ஏற்கெனவே எண்பது தோட்டா வச்சிருக்கியே, உன் துப்பாக்கிக்கு அது போதாதா?"

அவள் கவுண்டரைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க வீட்டுல இருக்கிறது ஒரே துப்பாக்கிங்க. அது அவரோடது."