நடுப்பட்டை

எஞ்சினின் கொதிகலன்மேல் குழைத்துப் பூசிய மூன்று திருநீற்றுப் பட்டைகளில், நடுப்பட்டை மட்டும் ஓரிடத்தில் காயவே இல்லை.

திருச்செல்வம் அதைப் பார்த்துவிட்டார்.

ஒரு காலத்தில் எஸ்டேட்டில் தேயிலைப் பெட்டிகளை இழுத்த சின்ன நீராவி எஞ்சின் அது. புதருக்குள் கிடந்ததை, ஃபிட்டரான அவரும் வெல்டர் ரமணியும் மூன்று வருடம் பாடுபட்டு மீட்டிருந்தார்கள். இன்று கொதிகலன் சோதனை. தேறினால் ஞாயிற்றுக்கிழமை சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடும்.

காலையில் பூசை போட்ட பிறகுதான் தண்ணீர் நிரப்பிக் கைப்பம்பால் அழுத்தம் ஏற்றினார்கள்.

"எஞ்சினுக்குப் பட்டை அடிச்சாச்சு. நீங்கதான் வெறும் நெத்தியோட நிக்கிறீங்க அண்ணே," என்று ரமணி அப்போது கேலி செய்தான்.

நான்கு வருடம் சிறையில் இருந்து வந்தவன். யாரும் வேலை தராதபோது திருச்செல்வம்தான் அவனுக்காகப் பேசினார். ஒரே ஒரு தப்பு நடந்தாலும் ஆளை அனுப்பிவிடுவேன் என்று சொல்லித்தான் எஸ்டேட் மேனேஜர் சேர்த்துக்கொண்டார்.

ஈரம் கண்டது ரமணி பற்றவைத்த இணைப்பில்.

அரசாங்க ஆய்வாளர் லோகேஸ்வரி எல்லாம் பார்த்து முடித்து டார்ச்சை அணைத்திருந்தாள். அழுத்தமானியின் முள்ளும் அசையவில்லை. கோப்பைத் திறந்து பேனாவை எடுத்தாள். அந்த அறிக்கை மாலைக்குள் மேனேஜர் மேசைக்குப் போய்விடும்.

பனி ஈரம் என்று சொல்லிக்கொள்ளலாம். கொட்டகைக்குள்ளும் மூடுபனி வந்து போய்க்கொண்டுதான் இருந்தது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை அங்கிருந்து வருவது தண்ணீராக இருக்காது. ஒரு முழம் தள்ளி டிரைவரின் முகம் இருக்கும்.

முருகா என்றார் மனதுக்குள்.

"கொஞ்சம் இருங்க மேடம். இங்க கசியுது."

லோகேஸ்வரி தொட்டுப் பார்த்தாள். விரல் நனைந்தது.

"யார் பத்தவச்சது?"

ரமணி வாயைத் திறந்தான். திருச்செல்வம் முந்திக்கொண்டார்.

"நான்தான். வயசாயிடுச்சுல்ல, கண்ணு முன்ன மாதிரி இல்ல."

அவள் கோப்பில் இரண்டு தாள்களைப் புரட்டினாள். வெல்டிங் உரிமத்தின் நகல் வந்ததும் கை நின்றது. ஒரே ஓர் உரிமம்தான் இருந்தது. புகைப்படத்தில் ரமணி.

அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, 'இணைப்பில் கசிவு, மறுசோதனை தேவை' என்று மட்டும் எழுதினாள்.

பிறகு நிமிர்ந்து, "பத்து நாள் போதுமா?" என்றாள்.

அவள் கேட்டது திருச்செல்வத்தை அல்ல.