ஆளுக்கொரு வாக்குமூலம்

பாதி முகத்தில் மிச்சமிருந்த சவர நுரையைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டே மாப்பிள்ளை போலீஸ் ஸ்டேஷன் படியேறினான். முன்னால் மாமியார், பின்னால் மாமனார், நடுவில் இவன். கல்யாணமாகி ஒரு வருஷத்தில் அந்தக் குடும்பம் அவனை ஒரு காரியத்துக்குக் கூட்டிப் போவது இது இரண்டாவது தடவைதான்.

மச்சான் ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிறான் என்று பழக்கடைக்காரர் ஓடி வந்து சொல்லி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மச்சான் ஏற்கனவே இரண்டு முறை உள்ளே போய் வந்தவன். குழந்தை பிறக்கப் போகிறதே என்று ஆறு மாதமாகக் கையை அடக்கிக்கொண்டு, ஒழுங்காக ஒரு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். மூன்றாவது முறையும் மாட்டினால், அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போகிற வயசில்தான் அப்பன் முகத்தைப் பார்க்கும்.

"பழைய கேஸ் எதையோ தோண்டி எடுத்துட்டாங்க" என்றார் மாமனார். "எதுன்னுதான் தெரியல."

"உள்ள போனா தெரிஞ்சிடும்" என்றாள் மாமியார். "நம்ம வீட்டு முறை ஞாபகம் இருக்குல்ல மாப்பிள்ளை?"

ஞாபகம் இல்லாமலா? அந்த வீட்டில் யார் மாட்டினாலும் மற்றவர்கள் அத்தனை பேரும் போய், எடுத்தது நான்தான் என்று அடித்துச் சொல்ல வேண்டும். மாட்டியவன் வாயைத் திறக்கக் கூடாது. ஒரே திருட்டுக்கு நாலு பேர் உரிமை கொண்டாடினால் எந்தக் கோர்ட்டும் தலையைப் பிய்த்துக்கொள்ளும் என்பது மாமனார் போட்ட கணக்கு.

மாப்பிள்ளைக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். போன முதல் வேலையிலேயே, காவலுக்கு நிறுத்தப்பட்ட இடத்தில் குறட்டை விட்டவன் என்ற கெட்ட பெயர் இன்றோடு ஒழிந்துவிடும்.

உள்ளே மச்சான் இன்ஸ்பெக்டருக்கு எதிரே உட்கார்ந்து ஒரு தாளில் மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தான். பக்கத்தில் டீ. மேஜை விசிறியைக்கூட அவன் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார்கள்.

"டீயெல்லாம் குடுத்திருக்காங்களே அத்தை" என்று மாப்பிள்ளை கிசுகிசுத்தான்.

"நைசாப் பேசி எழுதி வாங்கறாங்க, படுபாவிங்க." மாமியார் விறுவிறுவென்று போய் மேஜையைத் தட்டினாள். "என் பையன் அப்பாவி சார். அதை எடுத்தது நான்தான்."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். "எதைம்மா?"

"பல் டாக்டர் வீட்டு ஃபிரிட்ஜை."

"ஃபிரிட்ஜா?"

"மூணாவது மாடியிலேருந்து நானே முதுகுல வச்சு இறக்கினேன்" என்றாள், இன்ஸ்பெக்டரின் தோள் உயரம்கூட இல்லாத மாமியார்.

மச்சானுக்குப் புரையேறியது. "அம்மா, நீ முதல்ல வீட்டுக்குப் போ. நான் இங்க வந்தது..."

"நீ வாயைத் திறக்காத. முறைன்னா முறைதான்."

இன்ஸ்பெக்டரின் புருவம் ஏறியதைப் பார்த்ததுமே, கேஸ் இது இல்லை என்று மாமனாருக்குப் புரிந்துவிட்டது. மனைவியை நகர்த்திவிட்டு முன்னால் வந்தார்.

"என்னைக் காப்பாத்தறதுக்காக அவ பொய் சொல்றா சார். நான்தான் எடுத்தேன். நாடக அரங்கத்து நாற்காலி, மொத்தம் நாப்பது."

"நாற்காலியா?"

"பாதி நாற்காலியில ஆளுங்க உட்கார்ந்திருந்தாங்க. கூட்டிப் பெருக்கணும்னு சொல்லி எழுப்பி விட்டுட்டு எடுத்தோம்... எடுத்தேன்."

இன்ஸ்பெக்டர் ஒரு புதுத் தாளை எடுத்து வைத்துக்கொண்டார். "சொல்லுங்க, சொல்லுங்க" என்றார் அன்பாக.

அதுவும் இல்லை போலிருக்கிறது. மாமனாரும் மாமியாரும் ஒருசேரத் திரும்பி மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். மச்சானோ கழுத்து சுளுக்கிக்கொள்ளும்படி வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

தனக்காக யாரும் கஷ்டப்பட வேண்டாம் என்கிறானே, என்ன மனசு இது என்று மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்டவனுக்காக அஞ்சு வருஷம் உள்ளே இருந்தால்தான் என்ன? அந்த இரண்டும் இல்லையென்றால் மிச்சமிருப்பது ஒன்றே ஒன்றுதான். அவன் குறட்டை விட்ட அந்த வேலை.

"சார், ஃபிரிட்ஜும் இல்ல, நாற்காலியும் இல்ல" என்றான் நெஞ்சை நிமிர்த்தி. "எட்டு மாசத்துக்கு முன்னாடி இந்த ஸ்டேஷன் மாடியிலேருந்து தண்ணி மோட்டாரைக் கழட்டிக்கிட்டுப் போனது நான்."

இன்ஸ்பெக்டர் எழுந்தே விட்டார். எட்டு மாதமாக வாளியில் தண்ணீர் சுமந்து தோள்பட்டை இறங்கிப்போன இரண்டு போலீஸ்காரர்கள் வந்து கதவை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

"தனியாவா?"

"தன்னந்தனியா சார். காவலுக்குக்கூட ஆள் கிடையாது. இருந்தவனும் தூங்கிட்டான்."

மாமியார் அவன் முதுகைத் தட்டிக் கொடுத்தாள். "மாப்பிள்ளைன்னா இவர்தான் மாப்பிள்ளை" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு இன்னும் நாலு மோட்டாரை ஒப்புக்கொள்ளலாம் போல இருந்தது அவனுக்கு.

மச்சான் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

இன்ஸ்பெக்டர் மூன்று பேரிடமும் வரிசையாகக் கையெழுத்து வாங்கினார். பிறகு மச்சான் எழுதி வைத்திருந்த தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, ரொம்ப மரியாதையாக அவனிடம் கேட்டார்:

"சார், இப்ப உங்க புகாருக்கு வருவோம். உங்க ஸ்கூட்டரைத் திருடினது இவங்க மூணு பேர்ல யாரு?"