பதினேழு வளைவு

ஒரு மாதமாக பிரேக்கை மிதித்தாலே கீச்சென்று கத்திய கார், அன்று போடிமெட்டிலிருந்து இறங்கும்போது சத்தமே போடவில்லை. பின்சீட்டில் பிள்ளைகள் தூங்க, ஹேமாவதி பதினேழு கொண்டையூசி வளைவுகளையும் நிம்மதியாகக் கடந்து, போடியில் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தாள்.

மெக்கானிக் பொன்னுராஜ் முன்சக்கரங்களைக் கழற்றினார்.

"ஏம்மா, இப்பத்தான் மலை எறங்குனீகளா?"

"ஆமாண்ணே. பிரேக் நல்லாப் பிடிச்சுச்சே."

"எதை வச்சு? ரெண்டு பக்கமும் டிஸ்க்கைப் பிடிக்கிற பிரேக் பேடே இல்ல. தேஞ்சு விழுந்துருச்சு."

சக்கரத்தோடு சுழலும் டிஸ்க், கொதித்திருக்க வேண்டியது; தொட்டார். ஓடைத்தண்ணீராய்க் குளிர்ந்திருந்தது. அதைக் கையால் வேகமாகச் சுழற்றிவிட்டு, "இப்ப மிதிங்க" என்றார்.

ஹேமாவதி டிரைவர் சீட்டில் ஏறி, வெளியே எட்டிப் பார்த்தபடி மிதித்தாள். எதுவும் தொடாமலே டிஸ்க் சட்டென்று நின்றது.

காலை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

பொன்னுராஜ் மெல்ல எழுந்து, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.