கருகல் பங்கு

"முழுசா இருக்கறதெல்லாம் நீங்க ரெண்டு பேரும் எடுத்துக்குங்க. அந்தக் கருகின இலையெல்லாம் என் தட்டுல போட்டுடு" என்றார் வீட்டுக்காரர். குரலில் அப்படி ஒரு தியாகம்.

ஒரு வாரம் தங்கிப் போக வந்திருந்த அவருடைய அக்காவுக்கு, வாய்க்குப் போன கரண்டி பாதியில் நின்றுவிட்டது.

விஷயம் இதுதான். எலுமிச்சம்பழம் அளவுகூட வராத குட்டிக் குட்டி முட்டைக்கோஸ். கடையில் பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட் என்று எழுதியிருப்பார்கள். இந்த வீட்டில் அதற்குப் பெயர் குட்டிக்கோஸ். இரண்டாக நறுக்கி, எண்ணெயும் உப்பும் மிளகுத்தூளும் பிசிறி, ஏர் ஃப்ரையரில் போட்டு எடுத்திருந்தாள் மனைவி. காய்கள் பொன்னிறமாக, பார்க்கவே லட்சணமாக வந்திருந்தன. காயிலிருந்து உதிர்ந்த இலைகள் மட்டும் கருகிப்போய்க் கூடையின் அடியில் கிடந்தன. ஒரு கைப்பிடி தேறும். அத்தனையும் அவர் தட்டுக்குப் போயின.

"ஏன்டா, நீ ஏன் இதைத் திங்கற?"

"பரவால்லக்கா. சமைக்கும்போது நாலு இலை கருகத்தான் செய்யும். யாராவது ஒருத்தர் சாப்பிட்டுத்தானே ஆகணும்."

"எப்பவும் நீதானா?"

அவர் பெருமூச்சு விட்டார். பதிலைவிட அது நன்றாக வேலை செய்தது.

அக்கா பள்ளிக்கூடத் தலைமையாசிரியை. தப்புச் செய்தது யார் என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருப்பவர். தம்பியின் முகத்தைப் பார்த்தார். தம்பி மனைவியின் முகத்தையும் பார்த்தார். தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

"உங்களுக்கு இன்னும் ரெண்டு வைக்கட்டுமா அண்ணி?"

"எனக்குப் போதும்மா. என் தம்பிக்கு வை. நல்லதா பார்த்து வை."

மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனமும் குற்றத்தோடு சேர்ந்துகொண்டது.

சாப்பாடு முடிந்ததும் அக்கா பால்கனிக்குப் போய் அம்மாவுக்குப் போன் போட்டார்.

"அம்மா, உன் பிள்ளை இங்க கருகினதைத் தின்னுட்டுக் கிடக்கான். நாளெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்துட்டு வர்றவனுக்கு அடியில ஒட்டினது. நல்லதெல்லாம் மகாராணி தட்டுல."

அம்மாவின் குரலுக்கு ஸ்பீக்கர் தேவையில்லை. கூடத்தில் இருந்த இருவருக்கும் தெளிவாகக் கேட்டது.

"ஞாயித்துக்கிழமை நானே வரேன். அவ அப்பா அம்மாவையும் வரச் சொல்லு. உக்காந்து பேசிடலாம்."

மனைவியின் முகம் வாடிப்போனது. வீட்டுக்காரர் அவசரமாக டி.வி. சத்தத்தைக் கூட்டினார்.

மறுநாள் மாலையும் குட்டிக்கோஸ். வாங்கி வந்தவரே வீட்டுக்காரர்தான். அதை அக்கா கவனிக்கவில்லை.

கருகின இலைகள் அவர் தட்டில் விழுந்ததும், அக்கா அந்தத் தட்டை வெடுக்கென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டு, தன் தட்டை அவரிடம் தள்ளினார்.

"இன்னிக்கு நீ நல்லதைச் சாப்பிடு. இதை நான் சாப்பிடறேன்."

வீட்டுக்காரர் பதறிப்போனார். "வேணாம்க்கா. உனக்கு ஒத்துக்காது. கசக்கும். பல்லுல சிக்கிக்கும்."

"இத்தனை நாளா நீ தின்னியே, உனக்குக் கசக்கலையா? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னியாடா?"

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு ஓர் இலையை எடுத்து வாயில் போட்டார்.

மொறுக்கென்றது.

அக்கா இன்னொன்று எடுத்தார். உப்பும் மிளகும் எண்ணெயும் ஏறி, நாக்கில் பட்டதுமே நொறுங்கியது. ஓரத்தில் லேசாக ஒரு கசப்பு. அந்தக் கசப்புதான் அடுத்த இலையைக் கேட்டது. தம்பி கையை நீட்டினார். அக்கா தட்டை இன்னும் தள்ளி வைத்துக்கொண்டார். காலியான பிறகுதான் நிமிர்ந்தார்.

"திருட்டுப்பயலே" என்றார் மெல்ல.

தம்பி பொன்னிறமான காயைச் சோகத்தோடு மென்றுகொண்டிருந்தார். இந்தத் தடவை நிஜமான சோகம்.

மனைவி ஏர் ஃப்ரையர் கூடையைக் கழுவ உள்ளே போனாள். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. அம்மா.

"இன்னிக்கும் கருகலாடி?"

அக்கா தம்பியைப் பார்த்தார். தம்பி கண்ணாலேயே கெஞ்சினார். உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால், நாளைக்கு எந்த முகத்தோடு அந்தத் தட்டை இழுப்பது?

"ஆமாம்மா. அவன் பாவம்னு இன்னிக்கு நானே சாப்பிட்டுட்டேன்."

"உன்னை மாதிரி ஒரு அக்கா யாருக்குடி கிடைப்பா" என்று அம்மா தழுதழுத்தார். அக்கா அதையும் கூச்சப்படாமல் வாங்கிக்கொண்டார்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், சமையலறை வாசலில் தம்பி மனைவி. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். தலைமையாசிரியைக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அவள் கோபப்படவில்லை. "ஞாயித்துக்கிழமை அத்தையும் வந்தா மூணு பேருக்குப் போதாது அண்ணி. நறுக்கும்போது காம்பை இன்னும் ஆழமா வெட்டிடறேன். அப்பதான் இலை நிறைய உதிரும்."

அக்காவுக்கு விஷயம் உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. "அப்போ, வேணும்னேதான் உதிர்த்து விடறியா? அவனுக்குப் பிடிக்கும்னு?"

"ஆமா அண்ணி."

"இதை நேத்தே சொல்லியிருக்கலாமே. கெட்ட பேர் உனக்கில்ல வருது?"

அவள் கூடத்தில் இருந்த கணவரை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"வந்தா வந்துட்டுப் போகுது அண்ணி. அவர் நல்ல பேர் வாங்கறதே இந்த ஒரு விஷயத்துலதான். அதையும் நான் எப்படிக் கெடுக்கறது?"