இருபத்து மூன்றாம் எண் கட்டுரை

"ஏம்மா, உண்மையைச் சொல்லு. நான் இந்த வீட்ல என்னைக்காவது ஒரு டம்ளராவது கழுவியிருக்கேனா?"

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி எழுந்து வந்து கணவரின் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். "காய்ச்சல் ஒண்ணும் இல்லையே. ஞாயித்துக்கிழமையும் அதுவுமா என்னாச்சு உங்களுக்கு?"

தத்துவப் பேராசிரியர் கையிலிருந்த தாளை ஆட்டிக் காட்டினார். கல்லூரிக் கட்டுரைப் போட்டிக்கு அவரும் அரசியல் துறைப் பேராசிரியரும்தான் நடுவர்கள். அரசியல், தத்துவம், இலக்கியம், சமூகம் என்று நான்கு கட்டுகளாக நாற்பது கட்டுரைகள் சாப்பாட்டு மேசையை அடைத்துக்கொண்டு கிடந்தன. கையெழுத்தை வைத்து ஆளைப் பிடித்துவிடக் கூடாதென்று எல்லாமே தட்டச்சு. பெயர் கிடையாது, எண் மட்டும்தான். அரசியல்காரர் தம் பங்கை முடித்து அனுப்பிவிட்டார். இனி இவர் போடும் மதிப்பெண்தான் பாக்கி.

"இருபத்து மூணாம் நம்பர். தலைப்பு, 'சமத்துவம் வாசலோடு சரி.' கேளு. 'என் அப்பா பேராசிரியர். வகுப்பில் சமத்துவத்தைப் பற்றி ஒரு மணி நேரம் முழங்குவார். வீட்டுக்கு வந்தால், குடித்த டம்ளர் தானே எழுந்துபோய்க் குளித்துக்கொள்ளும் என்று நம்புவார். ஈரத் துண்டை நாற்காலிக்குப் போர்த்துவார். மூன்று மாதமாகச் சொட்டும் குழாயைப் பற்றிக் கேட்டால், நாளைக்கு என்பார்.'"

மனைவி நாற்காலியில் கிடந்த ஈரத் துண்டைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். நேரம் பார்த்துச் சமையலறைக் குழாய் சொட் என்றது.

"சிரிக்காதே. சந்தேகமே இல்ல, இது உன் பொண்ணு வேலைதான்."

"வம்பு பண்ணினா மட்டும் என் பொண்ணா?"

மகள் அதே கல்லூரியில் இலக்கியம் இரண்டாம் ஆண்டு. போட்டிக்கு எழுதியிருப்பதாகச் சொன்னாள். எதைப் பற்றி என்று கேட்டதற்கு, "நடுவர்கிட்ட சொல்லக் கூடாதுப்பா" என்று நழுவிவிட்டாள்.

பேராசிரியர் தாளை மேசைமேல் வைத்தார். ஊருக்கெல்லாம் நியாயம் பேசுகிறோம், பெற்ற பெண்ணின் மனதில் நம்மைப் பற்றி இருப்பது இவ்வளவுதானா? இதில் பெரிய கொடுமை, கட்டுரை பிரமாதமாக இருந்தது. அரசியல்காரர் ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு போட்டு, 'விழுந்து விழுந்து சிரித்தேன். இப்படியும் ஒரு மனுஷனா!' என்று ஓரத்தில் எழுதியிருந்தார்.

"முதல் பரிசு குடுத்தா, பொண்ணுக்கே குடுத்துக்கிட்டான்னு ஊர் பேசும். குடுக்கலைன்னா, என்னைப் பத்தி எழுதினதால வஞ்சம் வச்சுட்டேன்னு என் மனசே பேசும். என்னதான் பண்றது?"

"வேற நல்ல கட்டுரையே இல்லையா?"

"எங்க இருக்கு? இதோ, ஒன்பதாம் நம்பர். கரண்ட் போன அன்னைக்கு மெழுகுவத்தியை ஊதி அணைச்சாங்களாம். தீ எங்க போச்சுன்னு ஆறு வயசுப் பிள்ளை கேட்டுச்சாம். உடனே அப்பன்காரன், 'எனக்கும் தெரியலையே, வா, ரெண்டு பேரும் தேடலாம்'னு கட்டிலுக்கு அடியில எல்லாம் தவழ்ந்து தேடினானாம். கேள்வி கேக்கவே அன்னைக்குத்தான் கத்துக்கிட்டேன்னு முடியுது. சரியான புருடா! சிவப்பு மையில சுருக்குன்னு ஒண்ணு எழுதி வச்சிருக்கேன்."

மனைவியின் கை பாதி மடிப்பில் நின்றது. அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "நல்லா யோசிச்சுதான் எழுதினீங்களா?"

"இதுல யோசிக்க என்ன இருக்கு?"

அவர் இருபத்து மூன்றாம் எண்ணை மறுபடி எடுத்தார். பெருமூச்சு விட்டார். ஐம்பதுக்கு ஐம்பது போட்டார். பிறகு எழுந்துபோய்த் தம் டம்ளரைக் கழுவி வைத்தார்.

அந்த வாரம் முழுக்க வீடு அமர்க்களப்பட்டது. துண்டு கொடிக்குப் போனது. இரண்டு தட்டுகள் அவர் கையில் உயிரை விட்டன. குழாயை அவரே கழற்றி, தலையோடு கால் நனைந்து, எப்படியோ சொட்டுவதை நிறுத்திவிட்டார்.

"அம்மா, அப்பாவுக்கு என்னாச்சு?" என்று மகள் கிசுகிசுத்தாள்.

"பேசாம இரு. கண்ணு பட்டுடப் போவுது."

பரிசளிப்பு நாள். முதல் பரிசு இருபத்து மூன்றாம் எண்ணுக்கு என்று அறிவித்தார்கள். பேராசிரியர் மகளைத் தேடினார். அவள் உட்கார்ந்த இடத்திலேயே ஜோராகக் கைதட்டிக்கொண்டிருந்தாள். மேடையேறியவன் அரசியல் பேராசிரியரின் மகன். எல்லோரையும்விடப் பலமாகத் தட்டிக்கொண்டிருந்த அரசியல்காரரின் கைகள் அந்தரத்தில் அப்படியே நின்றுவிட்டன.

தத்துவப் பேராசிரியருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கியது. கூட்டம் கலைந்ததும் ஓட்டமாக ஓடி மகளைப் பிடித்தார்.

"நல்ல வேளை, அது நீ இல்ல! ஒரு வாரமா வீணா டம்ளர் கழுவினேன். ஆமா, நீ போட்டிக்கு எழுதவே இல்லையா?"

"எழுதினேனேப்பா. மார்க் போட்டுத் திருப்பிக் குடுத்துட்டாங்க. உங்களைப் பத்திதான் எழுதினேன்." அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, பையிலிருந்து மடித்த தாளை எடுத்து நீட்டினாள். "ஆனா நடுவர் ரொம்பக் கறார்."

தாளின் உச்சியில் ஒன்பது என்ற எண். அடியில் சிவப்பு மையில், அவருடைய கையெழுத்திலேயே இருந்தது: 'நம்பும்படி இல்லை. இப்படி ஓர் அப்பா எந்த வீட்டிலும் இருக்க முடியாது.'