நானூ இல்லே

இந்த ஆள் பொய் சொல்கிறார்.

பாஸ்போர்ட் கேள்வி வந்தபோதே மோகனப்ரியாவுக்கு அது உறுதியாகிவிட்டது.

ஓசூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம். இளைஞர் நலப் பணியாளர்கள் பதினைந்து இருபது பேர். வெளிநாட்டுப் பரிமாற்றப் பயணம் என்றாலே இங்கிலீஷ் பேசுகிற பிள்ளைகள்தான் போய் வருகிறார்கள். ஆதரவில்லாத பிள்ளைகளையும் எப்படிச் சேர்த்துக்கொள்வது என்று பயிற்சி கொடுக்கச் சென்னையிலிருந்து வந்திருந்தாள் அவள். இவர்களில் ஒருவரை, ஆறு பிள்ளைகளை ஜெர்மனிக்கு அழைத்துப் போக, சாயங்காலத்துக்குள் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

அவள் சந்தேகப்படுவதற்குக் காரணம் இருந்தது. போன வருஷம் வேறொரு ஊர்க்காரர் தன் சொந்த மச்சானையே 'ஆதரவற்ற இளைஞர்' என்று சேர்த்துவிட்டார். மச்சான் வெளிநாட்டு விமான நிலையத்தில் இறங்கினான். அதோடு சரி, இன்றுவரை ஆளைக் காணோம்.

தரையில் ஒரு சாக்பீஸ் கோடு. எல்லோரும் அதில் நிற்க வேண்டும். கேள்விக்கு 'ஆமாம்' என்றால் ஓர் அடி முன்னால் போகலாம்.

"அப்பா அம்மாகிட்ட வளர்ந்தவங்க?"

கூட்டம் நகர்ந்தது.

"வீட்ல பேசற மொழியிலயே ஸ்கூல்ல படிச்சவங்க?"

"மேடம், எங்க வீட்ல தெலுங்கு, தெருவுல கன்னடம், ஸ்கூல்ல தமிழ், கம்பெனியில இங்கிலீஷ். நான் எந்தக் கால எடுத்து வைக்கட்டும்?" என்றான் விமல்ராஜ்.

"உனக்குத்தான் நாலு கால் இருக்குதே, ஏதாச்சும் ஒண்ண வைடா!" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

கூடமே சிரித்தது. இன்னும் சில கேள்விகள் போயின. பாஸ்போர்ட் கேள்வி வரும்போது கோட்டில் மிச்சம் ரெண்டே பேர்.

ஒன்று, போன மாசம் வேலையில் சேர்ந்த லாவண்யா. ஜவளகிரிப் பக்கத்துப் பெண், அநாதை இல்லத்தில் வளர்ந்தவள். அதில் ஆச்சரியமில்லை.

இன்னொருவர் நசீருதீன். ரொம்ப வருஷமாக இந்த வேலையில் இருப்பவர். காலையில் அறிமுகம் செய்துகொண்டபோது இவர்தான் சொன்னார்: "பாஸ்போர்ட் எடுத்து வச்சு நாலு வருஷமாச்சுங்க மேடம். ஒரு சீல் விழமாட்டேங்குது."

"பாஸ்போர்ட் வச்சிருக்கவங்க?"

நசீருதீன் அசையவில்லை. லாவண்யா பக்கம் குனிந்து மெல்ல ஏதோ சொன்னார். முன்னால் போகிறவர்களின் சத்தத்தில் ரெண்டே வார்த்தைதான் மோகனப்ரியாவின் காதில் விழுந்தது. "நானூ இல்லே..."

காலையில் இருந்த பாஸ்போர்ட் பகலில் இல்லாமல் போய்விட்டதா?

அவள் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. வழக்கம்போல் முடித்தாள். "இப்ப எல்லாரும் அப்படியே திரும்பிப் பாருங்க. பின்னாடி யார் நிக்கறாங்கன்னு தெரியுதா? அவங்களத்தான் நாம சேர்த்துக்கணும்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

டீ வந்தது. அவள் நேராக நசீருதீனிடம் போனாள்.

"உங்க அப்பா அம்மா?"

"நல்லா இருக்காங்க மேடம். பாகலூர் ரோட்டுல பாத்திரக்கடை."

"அவங்ககிட்டதானே வளர்ந்தீங்க?"

"பின்ன வேற யாருகிட்டங்க?"

"பாஸ்போர்ட்?"

அவர் டீயை ஊதினார். "இருக்குதுங்க."

"அப்புறம் ஏன் கோட்ட விட்டு நகரல?"

நசீருதீன் நாலடி தள்ளி டீயோடு நின்ற லாவண்யாவை ஒரு பார்வை பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தப்புத்தான் மேடம். விட்டுடுங்க."

"பரிதாபம் காட்டி இடம் பிடிக்கலாம்னு பார்த்தீங்களா?"

அவர் டீ கிளாஸை வைக்க நகர்ந்துவிட்டார்.

லாவண்யாவை அவர் பார்த்த அந்தப் பார்வை மோகனப்ரியாவை உறுத்தியது. அந்தப் பெண்ணுக்கும் இவர் ஏதாவது சொல்லிக் கொடுத்திருப்பாரோ? ஒருவேளை சொந்தக்காரப் பெண்ணோ? மச்சான் விஷயம் நினைவுக்கு வர, அவள் முடிவெடுத்துவிட்டாள்.

சாயங்காலம் பெயரை அறிவித்தாள். "விமல்ராஜ்."

கைதட்டல் அரைகுறையாக விழுந்தது. விமல்ராஜே எழுந்து நின்றான். "மேடம், நசீர் பாய் வந்தாத்தான் எங்க ஹாஸ்டல் பொண்ணுங்கள வீட்ல அனுப்புவாங்க. நான் கூப்பிட்டா விளக்கமாத்தத் தூக்கிட்டு வருவாங்க."

யாரும் சிரிக்கவில்லை.

"நம்பிக்கைதான் இந்த வேலைக்கு முதல் தகுதி," என்றாள் மோகனப்ரியா. "பாஸ்போர்ட்ட கையில வச்சுக்கிட்டே ஒருத்தர் இல்லேன்னு சொன்னத நானே என் காதால கேட்டேன். அவரை நம்பி நான் பிள்ளைங்கள அனுப்ப முடியாது."

எல்லோருக்கும் ஆள் யாரென்று புரிந்துவிட்டது. நசீருதீன் தலையை ஆட்டினார். "சரிங்க மேடம்," என்று பையை எடுத்தார்.

கடைசி வரிசையில் ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. காலையில் பெயரைச் சொன்னதோடு சரி, அப்புறம் ஒரு வார்த்தையும் பேசாத லாவண்யா எழுந்து நின்றாள்.

"உக்காரும்மா," என்றார் நசீருதீன் அவசரமாக. "அதெல்லாம் எதுக்கு?"

அவள் உட்காரவில்லை.

"அவர் இல்லேன்னு சொல்லல மேடம். கன்னடத்துல 'நானூ இல்லே இதீனி'ன்னாரு. 'நானும் இங்கேயேதான் இருக்கேன்'னு அர்த்தம்."

"இங்கேயே இருக்கேன்னா? எதுக்கு அங்கயே நிக்கணும்?"

லாவண்யாவின் கண்கள் தரையிலேயே இருந்தன. குரல் மட்டும் எழும்பியது.

"நீங்க எல்லாரையும் திரும்பிப் பாக்கச் சொன்னீங்கல்ல மேடம்? அவரும் முன்னாடி போயிருந்தா, அந்தக் கோட்டுல நான் ஒருத்தி மட்டும்தான் நின்னிருப்பேன்."